சாம்பல் நிறத்தில் நாலு கோட்டு

மலை ஏறவென்று பிறந்த குடும்பம் இல்லை எங்களுடையது. மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். லிஃப்ட் பழுதானால் நான் காய்கறிக் கடைக்குக்கூட இறங்க மாட்டேன், வீட்டில் இருப்பதை வைத்து ஒப்பேற்றிவிடுவேன். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினேன் என்றால், அதற்குக் காரணம் எங்கள் வாசல் கதவுதான். அந்தக் கதவுக்குப் பூட்டுப் போடச் சொன்னார்கள். என் உயிர் இருக்கும்வரை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

என் கணவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மழைக்கோட்டு தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். முதலாளி, மேஸ்திரி, எதிர்வீட்டுக்காரர், கடைசியில் நான், எல்லாருக்கும் அவர் மாஸ்டர். நானும் அதே பட்டறையில்தான் வேலை செய்தேன், பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் மெஷினில். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் காஜா. கல்யாணத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டார். நான் யாருடனாவது சண்டைக்கு நின்றால், பட்டறைக்கே கேட்கும்படி, "காஜா, வாய்க்கும் ஒரு பட்டன் வச்சுக்க" என்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அவருடைய வேலை வெறும் வெட்டுகிற வேலை இல்லை. நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு அட்டையை வைத்து, சாக்பீஸால் கோடு இழுத்து, அடுக்கு முழுவதையும் ஒரே மூச்சில் வெட்ட வேண்டும். மழைக்கோட்டுத் துணிக்கு ஒரு பக்கம்தான் பூச்சு இருக்கும். அதனால் கோட்டின் இடது கைக்கு வெட்டியதும் அட்டையைத் திருப்பிப் போட்டுத்தான் வலது கைக்கு வெட்ட வேண்டும். திருப்ப மறந்தால் எல்லாம் இடது கையாகவே வந்து நிற்கும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு அது. மாஸ்டர் ஒருநாள் அந்தத் தப்பைச் செய்தார். அடுக்கு முழுக்க இடது கை. பட்டறையே சிரித்தது, அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மறுநாள் திரும்பவும் அடுக்கு முழுக்க இடது கை. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அறுபதுகூட ஆகாத மனிதர். தலையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, மறதி நோய் என்றார். போனது திரும்ப வராது, ஆனால் போகிற வேகத்தைக் குறைக்கலாம் என்றார். "நல்லா நடக்க வைங்க. காத்தோட்டமா, நாலு பேரோட. அடைச்சு மட்டும் வைக்காதீங்க." அந்தக் கடைசி வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முதலாளி நல்லவர்தான். மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பும்போது, மிஞ்சிக் கிடந்த ஒரு சுருள் துணியையும் கொடுத்து அனுப்பினார். சாம்பல் நிறம், நல்ல கனமான துணி. மாஸ்டர் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நானும் வேலையை விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் ஒருநாள் ரொட்டி வாங்கக் கீழே போனவர், ஊரின் மறுகோடியில் பஸ் டிப்போவில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் இருந்த நம்பரைப் பார்த்து ஒரு டிரைவர் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்குத்தான் பூட்டுப் பேச்சு ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்காரி சொன்னாள், மருந்துக்கடையில் வேலை செய்கிற என் மகளும் சொன்னாள்.

"மேல் தாழ்ப்பாள்ல ஒரு பூட்டு போட்டுருவோம்மா. நீ குளிக்கப் போற நேரத்துல எறங்கிப் போயிட்டா என்ன பண்றது?"

"அவரு என்ன கோழியாடி, அடைச்சு வைக்க?"

"கோபப்படாம யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுத்தான் சொல்றேன். இந்த வீட்டுல பூட்டு தொங்கினா, அன்னிக்கு நான் செத்தேன்னு அர்த்தம்."

பேச்சை மலைப்பக்கம் திருப்பியவர் மாப்பிள்ளை. கண்ணாடிக் கடையில் வேலை, தங்கமான குணம். ஒரு குறைதான். எதையும் செய்வதற்கு முன் அதைப் பற்றி ஃபோனில் எல்லாவற்றையும் படித்துவிடுவார், படித்த களைப்பிலேயே அந்த வேலையை விட்டுவிடுவார். நீச்சல் அப்படித்தான் போனது, தோட்டம் போடுவதும் அப்படித்தான் போனது. மலையை மட்டும் விடவில்லை. மாமனார் மேல் அத்தனை பிரியம்.

"அத்தை, மலைன்னா பயப்படாதீங்க. முதல்ல சின்ன மேடு, அப்புறம் கொஞ்சம் பெரிசு, அப்படியே பழகிடலாம். மாமா கால் அசந்து தூங்குவாரு. கதவுப் பக்கமே போக மாட்டாரு."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக நான் சரி என்றேன்.

ஷூ வாங்கக் குடும்பத்தோடு போனோம். கடையில் இருந்த பெண் வரிசையாக எடுத்துப் போட்டாள். கெட்டி அடி ஷூ, ஷூவுக்குள் போடத் தடித்த காலுறை, ஊன்றிக்கொள்ளக் கோல். கடைசியாக மழைக்கோட்டு வைத்திருந்த பக்கம் கூட்டிப்போனாள். ஆரஞ்சு, மஞ்சள், கிளிப்பச்சை. கண் கூசியது.

"மலைக்கு எப்பவும் பளிச்சுன்னு இருக்கறதுதான் நல்லது. தூரத்துலேருந்தே தெரியும்" என்றாள் அந்தப் பெண்.

மாஸ்டர் ஒரு கோட்டைக் கையில் எடுத்தார். உள்பக்கத்தை வெளியே திருப்பினார். தோள் மூட்டை விரலால் தடவினார், இழுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் பழைய மாஸ்டர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"மட்டமான தையல மறைக்கத்தாம்மா இப்படிக் கண்ணப் பறிக்கிற கலரு" என்றார். "காஜா, வீட்டுல துணி கெடக்கு. நாலு கோட்டு நானே வெட்டறேன்."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. எங்களுக்கோ வாயெல்லாம் பல். அத்தனை மாதத்தில் அவர் அவ்வளவு தெளிவாகப் பேசிக் கேட்கவில்லை. கலராவது ஒன்றாவது என்று ஷூவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

சாப்பாட்டு மேசையைச் சுவரை விட்டு இழுத்துப் போட்டு, துணியை விரித்தார். மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரே உயரம், ஒரே தோள். இரண்டையும் ஒன்றாக அடுக்கி ஒரே அளவில் வெட்டினார். எனக்கும் மகளுக்கும் தனியாக. முன்பக்கம், பின்பக்கம், தலைமூடி எல்லாம் மளமளவென்று வந்தன. பிறகு கைக்கான அட்டையை வைத்தார். ஒரு கையை வெட்டி முடித்தார். அட்டை அப்படியே கிடந்தது. கத்தரியை அதன் ஓரத்துக்குக் கொண்டுபோனார். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் கத்தரியை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அட்டையை எடுத்து, மெதுவாகத் திருப்பிப் போட்டார்.

நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

முதல் மலையை மலை என்று சொன்னால் மலைகள் கோபித்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மேடு அது. அதற்கு நாங்கள் கொண்டுபோன மூட்டையைப் பார்த்தால், ஊரைக் காலி செய்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். மகள் ஒரு கூடை நிறைய ரொட்டியும் அவித்த முட்டையும், நான் குடை, போர்வை, மாற்றுச் செருப்பு. மாப்பிள்ளை கழுத்தில் விசிலும் கையில் ஃபோனுமாக முன்னால் நடந்தார். நாங்கள் நாலு பேரும் ஒரே மாதிரி சாம்பல் கோட்டு. எதிரே நாயோடு வந்த ஒருவர், ஏதோ ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் என்று நினைத்து வழிவிட்டு நின்றார். பாதி மேட்டிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. ஷூ புதுசு, குதிகால் தோல் உரிந்துவிட்டது. உட்கார்ந்து திட்டினேன். மலையைத் திட்டினேன், மாப்பிள்ளையை ஜாடையாகத் திட்டினேன்.

"மேடு ஏறும்போது பேசாத காஜா" என்றார் மாஸ்டர். "மூச்சு பிசிறு விட்டுரும்."

அவர் மட்டும் திணறவே இல்லை. காலமெல்லாம் மேசையைச் சுற்றிச் சுற்றி நின்றே வேலை செய்த கால்கள். உச்சியில் நின்று கீழே பார்த்து, எங்கள் வீட்டு மாடியைத் தானே கண்டுபிடித்துக் காட்டினார். அன்று ராத்திரி விடியும்வரை தூங்கினார். கதவு தாழ் மட்டும் போட்டபடி இருந்தது.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஈரப் பாறையில் எப்படிக் கால் வைப்பது, இறங்கும்போது முட்டியை எப்படி மடக்குவது, தாகம் எடுக்கும் முன்னே தண்ணீர் குடிப்பது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டோம். கூடை போய்ப் பை வந்தது. குடை வீட்டிலேயே தங்கிவிட்டது. என் குதிகால்கூடத் தடித்துப் பழகிவிட்டது. மாஸ்டர் வார நாளில் ரொட்டி வைத்த இடத்தை மறப்பார், மகள் பெயரை மறப்பார், ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டினதும் ஒரு நிமிர்வு வந்துவிடும். நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லக் கூச்சப்படவில்லை. டாக்டரம்மாவையே ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த நீள மலைக்குப் போனது மழைக்காலம் முடிகிற சமயம். பஸ்ஸில் போய் இறங்கினபோது வெயில் அடித்தது. மாப்பிள்ளை நாலைந்து தடவை வானிலை பார்த்துவிட்டார். மேலே மரம் கிடையாது. புல்லும், ஆளுயரத்துக்குச் சாம்பல் பாறைகளும்தான். முதுகுபோல நீளமாகக் கிடந்த உச்சியில் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தோம். மகளின் காலில் கொப்புளம். மாப்பிள்ளை மண்டியிட்டு அவளுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். நான் ஃப்ளாஸ்க்கைத் திறந்து மாஸ்டருக்கு டீ ஊற்றினேன். ஊற்றிவிட்டு நீட்டினேன். வாங்க ஆள் இல்லை.

பாறைக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பார் என்று நினைத்தேன். எழுந்து எட்டிப் பார்த்தேன். அதே நேரம் பனிமூட்டம் வந்தது. முதலில் எதிர்மலை போயிற்று, பிறகு பாதை, பிறகு நான் நின்ற இடத்திலிருந்து மகள்கூட மங்கலாகத்தான் தெரிந்தாள்.

"மாமா!" என்று கத்தினார் மாப்பிள்ளை. "அத்தை, யாரும் நகராதீங்க. மூட்டம் வந்தா நின்ன இடத்துலயே நிக்கணும். நான் விசில் ஊதறேன்."

சரியாகத்தான் சொன்னார், படித்தவர் ஆயிற்றே. ஆனால் அந்த நேரத்தில் என்னை நிற்கச் சொன்னால் நான் நிற்பேனா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படி இல்லை. கால் மட்டும் ஓடியது. டீயோடு ஓடினேன். "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பின்னால் விசில் சத்தமும், "அப்பா" என்று மகள் அழுவதும் கேட்டன. கொஞ்சம் கொஞ்சமாக அவையும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போயின.

எவ்வளவு நேரம் அப்படி அலைந்தேனோ. பாறையைப் பார்த்தால் அவர் குந்தியிருப்பதுபோல் இருக்கும். ஓடிப்போய்த் தொட்டால் கல். அந்தப் பாறையின் நிறமும் எங்கள் கோட்டின் நிறமும் அப்படியே ஒன்று. கடைப் பெண் சொன்னது அப்போதுதான் உறைத்தது. என்னை நானே திட்டிக்கொண்டேன், பாவம், அவரையும் சேர்த்துத் திட்டினேன்.

அப்போது ஒரு குரல் கேட்டது. ஆண் குரல், கத்திக் கத்திக் கம்மிப்போயிருந்தது. "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தது. மூட்டத்துக்குள் ஒரு சாம்பல் கோட்டு தெரிந்தது. தலைமூடியை இழுத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் குனிந்து தேடிக்கொண்டிருந்தது. அந்த உயரம், அந்தத் தோள். நல்லவேளை, மாப்பிள்ளையும் தேட வந்துவிட்டார் என்று எனக்குத் தெம்பு வந்தது. மாப்பிள்ளை எப்போதும் மாமா என்றுதானே கூப்பிடுவார் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

"மாப்பிள்ள! இந்தப் பக்கம் நான் பாத்துட்டேன். நீங்க கீழ எறங்கிப் பாருங்க, அந்தச் சரிவுல!"

அந்த உருவம் திரும்பிப் பார்க்கவில்லை. சரி என்கிற மாதிரி கையை மட்டும் தூக்கிவிட்டு, நான் காட்டின சரிவில் இறங்கி மறைந்தது.

நான் திரும்பி வேறு பக்கம் போனேன். விசில் சத்தம் கிட்டத்தில் கேட்டது. மூட்டத்தை விலக்கிக்கொண்டு மகளும் மாப்பிள்ளையும் கைகோத்தபடி எதிரே வந்தார்கள்.

"நீங்க அங்கதானே எறங்கினீங்க?" என்றேன்.

"எங்க அத்தை? நாங்க உங்களத் தேடிக்கிட்டு இப்பத்தான் எடத்த விட்டே கெளம்பினோம்."

என் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. என் கணவரை நானே கை நீட்டிச் சரிவுக்குள் அனுப்பியிருக்கிறேன்.

மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். வழியில் ஒரு ஷூ கிடந்தது. மகள் அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். இன்னும் கீழே ஆட்டுப்பட்டிக்கான கல் சுவர் ஒன்று இடிந்து கிடந்தது. அதற்குள் அவர் இருந்தார். ஒரு காலில் உறை மட்டும், அதுவும் நனைந்து கிழிந்திருந்தது. முழங்காலில் ரத்தம். சுவர் இடுக்கில் தலையை விட்டு யாரையோ தேடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"காஜா! வந்துட்டியா? மாஸ்டரக் காணோம்."

"யாரக் காணோம்?"

"நம்ம மாஸ்டர. நீங்க எல்லாரும் கூப்பிட்டீங்களே, கேட்டுச்சு. அதான் நானும் தேடறேன். இங்க இல்ல. மேலயும் பாத்துட்டேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்து, அவள் பெயரைச் சரியாகச் சொல்லி, அழாதே என்றார். மாப்பிள்ளையிடம் விசிலை இன்னும் பலமாக ஊதச் சொன்னார். எங்கள் எல்லாரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரை மட்டும்தான் தெரியவில்லை.

"பாவம், மறதி உள்ளவரு" என்றார் என்னிடம், மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி. "அவரத் தனியா விட்டிருக்கக் கூடாது காஜா."

நான் அவர் முழங்காலைத் துடைத்தேன். ஷூவை மாட்டி முடிச்சுப் போட்டேன். முடிச்சு எனக்கு உடனே விழவில்லை.

"கெடைச்சுட்டாரு" என்றேன். "கீழ பஸ் ஸ்டாப்புல இருக்காராம். வாங்க போலாம்."

இறங்கினார். வழியெல்லாம் திரும்பித் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கீழே பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. பெஞ்சுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரிடம் சொன்ன பொய்களில் அவர் கையும் களவுமாகப் பிடித்தது அது ஒன்றுதான்.

பூட்டை மகள் வாங்கவில்லை, நான்தான் வாங்கினேன். இரும்புக் கடையில் நின்று, நல்லதாகப் பார்த்து, இழுத்து இழுத்துச் சோதித்து வாங்கினேன். மாப்பிள்ளை வந்து மேல் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுப் போனார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் அது நெஞ்சில் இடிக்கும்.

மாஸ்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். காலையில் எழுந்து சாம்பல் கோட்டை மாட்டிக்கொள்வார், கதவுக்கு முன்னால் போய் நிற்பார். "காஜா, சாவி எங்க? தேடப் போகணுமே" என்பார். அப்புறம் போகலாம் என்பேன். கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். சாயங்காலம், "கெடைச்சாரா?" என்று கேட்பார். முதலிலெல்லாம் கிடைத்துவிட்டார் என்றேன். எங்கே, கூப்பிடு என்பார். கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்திக் காட்டினேன். கண்ணாடிக்குள் இருந்தவருக்கு மரியாதையாக வணக்கம் சொல்லி, "உள்ள வாங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த வேலையை நான் செய்யவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். ஆரஞ்சு நிறத்தில் துணி வாங்கி வந்தேன். சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, அவருடைய அட்டைகளை வைத்து, அவருடைய கத்தரியால் நானே வெட்டினேன். திரும்ப ஒருநாள் அவரை மலைக்கு, ஒரு சின்ன மேட்டுக்காவது, கூட்டிப்போக வேண்டும், எங்கே நின்றாலும் கண்ணில் பட வேண்டும் என்று நினைப்பு. கோடு வளைந்தது. துணி வழுக்கியது. கைக்கு வரும்போது அட்டையைத் திருப்ப நான் மறக்கவில்லை. தைத்து முடித்து, கடைசியில் காஜா எடுத்தேன். அது ஒன்றுதான் அந்தக் கோட்டில் ஒழுங்காக இருந்தது.

சாயங்காலம் அவர் மடியில் கொண்டுபோய் வைத்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வாங்கி, வழக்கம்போல உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். தோள் மூட்டைத் தடவினார்.

"கை ஏறி நிக்குது. யாரு வெட்டினது?"

"நாந்தான்."

"காஜா எடுக்கறவ காஜாவோட நிக்கணும்" என்றார். பொத்தான் துளைகளைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தார். "இது நல்லாருக்கு. கோட்டு யாருக்கு?"

"உங்களுக்குத்தான். இதப் போட்டுக்கிட்டா எங்க போனாலும் எனக்குத் தெரியும்."

சிரித்தார். நான் ஏதோ சின்னப்பிள்ளைத்தனமாகப் பேசிவிட்ட மாதிரி, பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"தேடப் போறவனுக்கு எதுக்குமா இந்தக் கலரு? காணாமப் போனவருக்குக் குடு. தூரத்துலேருந்தே தெரியும். தையல் மட்டமா இருந்தாலும் பரவால்ல."

கோட்டை அழகாக மடித்தார், பட்டறையில் மடிக்கிற மாதிரி, கைகளை உள்ளே விட்டு. மடித்ததைக் கை மேல் போட்டுக்கொண்டு எழுந்து, கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"நாளைக்குத் தேடலாம்" என்றேன். "மழை வருது பாருங்க."

"மழை வருதுன்னுதான் சொல்றேன்" என்றார். "நாளைக்கு வரைக்கும் அந்த மனுஷன் நனைஞ்சுக்கிட்டுத் தனியா நிப்பாரே, காஜா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவருக்கு முன்னாலேயே, சத்தமாக. அவர் என் தலையைத் தடவி, கிடைத்துவிடுவார், எங்கே போய்விடப் போகிறார் என்றார். நான் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினேன். நாற்காலியில் ஏறிப் பூட்டைத் திறந்தேன். என் சாம்பல் கோட்டை மாட்டிக்கொண்டேன்.

கீழே இறங்கினோம். அவர் இடது கையில் ஆரஞ்சுக் கோட்டு, வலது கை என் கைக்குள். காய்கறிக் கடையைத் தாண்டி, ரொட்டிக் கடையைத் தாண்டி மெதுவாக நடந்தோம். நின்றிருந்த வண்டிகளுக்குப் பின்னாலும், கடை ஓரங்களிலும் அவர் குனிந்து குனிந்து பார்த்தார். "மாஸ்டர்" என்று கூப்பிட்டார், தெருவில் போகிறவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல், சின்னக் குரலில். தெரிந்தவர்கள் சிலர் எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"நீயும் கூப்பிடு காஜா" என்றார். "உன் கொரல்னா அவரு கண்டிப்பா வருவாரு."

தெரு முனையில் நின்று, இருட்டிக்கொண்டு வந்த ரோட்டைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டேன்.

"மாஸ்டர்!"

என் பக்கத்தில் நின்றவர் திரும்பவில்லை. நான் பார்த்த திசையையே அவரும் பார்த்துக்கொண்டு, கையிலிருந்த கோட்டை விரித்துப் பிடித்தபடி காத்திருந்தார்.